வரைகலை இயக்கிகளில் உள்பொதி அசெம்பிளி: ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

இயங்குதளத்திற்கும் திரை அட்டைக்கும் இடையே நின்று பணிபுரியும் நிரல் வரைகலை இயக்கி எனப்படும். சி, பாஸ்கல் முதலிய உயர்நிலை மொழிகளில் இவ்வியக்கிகளை எழுதியோர், அவற்றின் நடுவே அசெம்பிளி ஆணைகளை நேரடியாகப் பொதிந்து எழுதும் வழக்கத்தை 1980களிலிருந்து கைக்கொண்டு வந்துள்ளனர். வேகத்தின் பொருட்டே இவ்வழக்கம் எழுந்தது என்பது பரவலான கருத்து. ஐபிஎம் பிசியின் வண்ணத் திரை அட்டை முதல் லினக்ஸ் கெர்னலின் அண்மைக்கால இயக்கிகள் வரையிலான சான்றுகளை நோக்கினால், வேகம் ஒரு காலகட்டத்தின் காரணம் மட்டுமே என்பதும், உயர்நிலை மொழியால் சொல்ல இயலாததைச் சொல்ல வேண்டிய தேவையே நிலைத்த காரணம் என்பதும் புலனாகின்றன.

திறவுச்சொற்கள்: வரைகலை இயக்கி, உள்பொதி அசெம்பிளி, நிரல்பெயர்ப்பி, எக்ஸ்ஃப்ரீ86, லினக்ஸ் கெர்னல், நினைவகத் தடுப்பு

முன்னுரை

ஒரு மையச் செயலகத்தின் ஒவ்வோர் ஆணைக்கும் ஒரு சொல் எனப் பெயரிட்டு எழுதப்படுவது அசெம்பிளி மொழி. முழு நிரலையும் அம்மொழியில் தனிக் கோப்பாக எழுதுவது பழைய முறை. உயர்நிலை மொழியில் எழுதப்பட்ட ஒரு செயல்கூற்றின் நடுவே, இரண்டு வரிகளுக்கு இடையில், சில அசெம்பிளி ஆணைகளை மட்டும் செருகி எழுதுவது உள்பொதி அசெம்பிளி. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் போக்கு கணினி வரலாற்று நூல்களில் மிகுதி. இரண்டும் வெவ்வேறு தேவைகளுக்குப் பிறந்தவை என்பதைத் தொடக்கத்திலேயே பிரித்தறிவது நன்று.

சி மொழியின் வரலாற்றில் இத்தேவை முதலிலேயே உணரப்பட்டிருந்தது. கெர்னிகனும் ரிட்சியும் 1978இல் வெளியிட்ட நூலிலேயே, சில நிரல்பெயர்ப்பிகள் 'ஏஎஸ்எம்' என்னும் சொல்லைத் தமக்கென ஒதுக்கி வைத்துள்ளன என்ற குறிப்பு உண்டு. ஆயினும் சி மொழியின் செந்தரம் அச்சொல்லைத் தன் உறுப்பாக ஏற்கவில்லை. பரவலாக வழங்கும் நீட்டிப்புகளுள் ஒன்று என்று பின்னிணைப்பில் மட்டுமே சுட்டியது. சி++ செந்தரமோ அதனை ஒதுக்கப்பட்ட சொல்லாகவே ஏற்றுக்கொண்டது. எனினும் அதனுள் எழுதப்படுவதன் பொருளை ஒவ்வொரு நிரல்பெயர்ப்பியின் விருப்பத்திற்கே விட்டுவிட்டது. சொல் உண்டு, பொருள் வரையறை இல்லை. இவ்விடைவெளியில்தான் நாற்பதாண்டுக் கால வரைகலை இயக்கிகளின் ஒரு பகுதி எழுதப்பட்டது.

சி வளர்ந்த மண்ணும் ஐபிஎம் பிசியும்

யூனிக்ஸ் இயங்குதளம் 1973இல் சி மொழியில் மாற்றி எழுதப்பட்டபோது அது இயங்கியது பிடிபி-11 என்னும் கணினியில். அக்கணினியில் வட்டு, நாடா, முனையம் ஆகிய சாதனங்கள் அனைத்தின் பதிவகங்களும் நினைவக முகவரிகளாகவே அமைந்திருந்தன. ஒரு சாதனத்திற்குக் கட்டளையிட, குறித்த முகவரியில் ஓர் எண்ணை எழுதினால் போதும். சி மொழியின் சுட்டி என்னும் கருவி இதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. சாதன இயக்கிகளைச் சியிலேயே எழுதலாம் என்ற நம்பிக்கைக்கு இவ்வன்பொருள் அமைப்பும் ஒரு காரணம். அந்நம்பிக்கையை மொழியின் சிறப்பாக மட்டும் கொண்டாடுவது பாதி உண்மையே.

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் இன்டெல் 8088 செயலகம் வேறு மரபைச் சேர்ந்தது. அதில் நினைவகத்திற்கு ஒரு முகவரி வெளியும், சாதனங்களுக்கெனப் போர்ட் எனப்படும் மற்றொரு முகவரி வெளியும் இருந்தன. இரண்டாவதை அடைய 'இன்', 'அவுட்' என்னும் இரண்டு தனி ஆணைகள் வேண்டும். சி மொழியில் எந்தச் சுட்டியும் அங்கே சென்று சேராது. திரை அட்டையின் நினைவகத்தைச் சுட்டியால் எட்டலாம். அதன் கட்டுப்பாட்டுப் பதிவகங்களை எட்ட இயலாது. ஆகவே பிசியில் திரை இயக்கி எழுதப் புகுந்த எவருக்கும் மொழியின் எல்லை முதல் நாளிலேயே தட்டுப்பட்டது. நூலகச் செயல்கூறுகள் இக்குறையை ஈடுசெய்தன என்பது உண்மை. ஆனால் ஒவ்வோர் 'அவுட்' ஆணைக்கும் ஒரு செயல்கூற்று அழைப்பு என்பது அக்காலச் செயலகத்திற்குச் சிறு செலவன்று.

திரையில் பெய்த பனி

ஐபிஎம் பிசியின் வண்ணத் திரை அட்டையில் 16 கிலோபைட் நினைவகம் இருந்தது. அந்நினைவகத்தை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே அணுக இயலும். திரையைத் தீட்டும் சுற்று அதனை இடையறாது படித்துக்கொண்டிருக்கும். 80 எழுத்து அகலமுள்ள உரைத் திரையில் செயலகம் அதே வேளையில் ஒரு பைட்டை எழுதினால், தீட்டும் சுற்றுக்குக் கிடைக்க வேண்டிய பைட் கிடைக்காமல் போகும். அக்கணம் திரையில் வெண்புள்ளிகள் சிதறும். நிரலாளர்கள் இதனைப் 'பனி' என்றே அழைத்தனர்.

பனியைத் தவிர்க்க ஒரு வழி இருந்தது. மின்னணுக் கற்றை ஒரு வரியைத் தீட்டி முடித்து அடுத்த வரியின் தொடக்கத்திற்குத் திரும்பும் இடைவேளையில் நினைவகம் ஓய்ந்திருக்கும். அவ்விடைவேளையை அட்டையின் நிலைப் பதிவகத்திலுள்ள ஒரு பிட் காட்டும். அதனைப் போர்ட் வழியாகத் திரும்பத் திரும்பப் படித்து, இடைவேளை பிறந்த உடனே எழுத வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் இதன் நெருக்கடி விளங்கும். அட்டை ஒரு வரியை 912 புள்ளித் துடிப்புகளில் முடிக்கிறது. செயலகத்தின் கடிகாரம் அதன் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில், ஏறத்தாழ 4.77 மெகாஹெர்ட்சில் ஓடுகிறது. எனவே ஒரு வரிக்குச் செயலகத்திற்குக் கிடைப்பவை 304 துடிப்புகள். அவற்றுள் 640 புள்ளிகளுக்குரிய காலம் தீட்டலில் கழிய, எஞ்சுவது 90 துடிப்புகளே. போர்ட்டைப் படிப்பது, பிட்டைச் சோதிப்பது, தாவுவது ஆகியவற்றிற்கே அவற்றின் பெரும்பகுதி செலவாகிவிடும். ஒரு வரிக்கு ஓர் எழுத்தை எழுதுவதே நடைமுறையில் பாதுகாப்பானதாக இருந்தது.

சோதனைக்கும் எழுதுதலுக்கும் நடுவே கடிகாரக் குறுக்கீடு ஒன்று புகுந்தால் எல்லாம் பாழ். அதனால் முதலில் குறுக்கீடுகளை நிறுத்த வேண்டும். நிறுத்தும் ஆணையும் உயர்நிலை மொழியில் இல்லை.

இங்கு வேண்டப்பட்டதை வேகம் என்று மட்டும் சொல்லிவிடுவது வழக்கம். சற்று ஊன்றி நோக்கினால் அது வேகமன்று, காலத் திட்டம். ஓர் ஆணைக்கும் அடுத்த ஆணைக்கும் இடையே எத்தனை துடிப்புகள் கழியும் என்பதை எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும். நிரல்பெயர்ப்பி எதையும் இடையில் செருகக் கூடாது. இத்தகைய உறுதியைத் தரும் சொல் பாஸ்கலிலும் இல்லை, சியிலும் இல்லை.

1983இல் வெளிவந்த டர்போ பாஸ்கல் இதற்கு முரட்டுத்தனமான ஒரு வழியைத் தந்தது. 'இன்லைன்' என்னும் கூற்றினுள் பொறிமொழியின் பதினாறடிமான எண்களை வரிசையாக எழுதினால், அவை அப்படியே நிரலுள் சேரும். ஆணைகளின் பெயர்களை எண்களாக மாற்றுவது நிரலாளரின் பொறுப்பு. ஆணைகளைப் பெயரால் எழுதும் வசதி 1990இல் வந்த ஆறாம் பதிப்பில்தான் அம்மொழியில் சேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், 1987இன் நான்காம் பதிப்பு முதல், அதன் திரை நூலகத்தில் 'செக்ஸ்னோ' என்றொரு மாறி இருந்தது. அதனை மெய் எனக் கொண்டால் நூலகம் கற்றைக்காகக் காத்திருந்து எழுதும். பொய் எனக் கொண்டால் காத்திராது எழுதும். ஒரு வன்பொருளின் குறைபாடு உயர்நிலை மொழியின் நூலகத்தில் ஒரு சொல்லாகவே நிலைபெற்றது இதனால்தான்.

விஜிஏவும் வேகத்தின் உச்சமும்

1987இல் வந்த விஜிஏ அட்டையில் பனி இல்லை. 320க்கு 200 அளவில் 256 வண்ணங்கள், படப்புள்ளிக்கு ஒரு பைட், மொத்தம் 64,000 பைட்கள்: இவ்வமைப்பைச் சியின் சுட்டியே கையாளும். ஆனால் 256 கிலோபைட் நினைவகத்தில் நான்கில் ஒரு பங்கையே இது பயன்படுத்தியது. மைக்கேல் ஏப்ரஷ் 1991இல் டாக்டர் டாப்ஸ் இதழில் எழுதிய கட்டுரைகளால் 'மோட் எக்ஸ்' எனப் புகழ்பெற்ற 320க்கு 240 அமைப்பு முழு நினைவகத்தையும் திறந்துவிட்டது. அதன் விலை, அடுத்தடுத்த படப்புள்ளிகள் நான்கு வெவ்வேறு அடுக்குகளில் கிடப்பது. எந்த அடுக்கில் எழுதுவது என்பதை ஒவ்வொரு முறையும் 'அவுட்' ஆணையால் அட்டைக்குச் சொல்ல வேண்டும். நான்கு அடுக்குகளையும் ஒருசேரத் திறந்தால் ஒரு பைட் எழுத்தில் நான்கு புள்ளிகள் நிறையும். போர்ட் ஆணைகள் மீண்டும் நிரலின் உட்சுழற்சிக்குள் வந்து அமர்ந்தன.

வேகத்திற்கான அசெம்பிளி இப்பத்தாண்டில் உச்சம் தொட்டது. 1996இன் 'குவேக்' விளையாட்டில் ஏப்ரஷ், மிதவைப்புள்ளி வகுத்தல் ஒருபுறம் நடந்துகொண்டிருக்கையிலேயே மறுபுறம் முழுவெண் ஆணைகள் படப்புள்ளிகளைத் தீட்டும்படி பென்டியம் செயலகத்திற்கேற்ப நிரலை அடுக்கினார். படத்தின் தொலைநோக்குத் திருத்தத்திற்கான வகுத்தல் பதினாறு புள்ளிகளுக்கு ஒரு முறை மட்டுமே நிகழ்ந்தது. குவேக் இயக்கியன்று, விளையாட்டு. ஆயினும் இங்கு அது கருதத்தக்கது. ஏனெனில் 1999இல் வெளியிடப்பட்ட அதன் மூல நிரலில் இப்பகுதிகள் உள்பொதி அசெம்பிளியாக இல்லை. தனி அசெம்பிளிக் கோப்புகளாகவே உள்ளன. அவற்றிற்கு இணையான சி வடிவமும் உடன் உண்டு. வேகமே நோக்கமாக இருந்தபோது முழுச் செயல்கூற்றையும் அசெம்பிளியில் எழுதினர். அதனைச் சியாலும் சொல்ல முடிந்தது, மெதுவாகச் சொல்ல முடிந்தது. இயக்கிகளில் உள்பொதியப்பட்ட ஆணைகளுக்கு அத்தகைய சி வடிவம் இல்லை. இவ்வேறுபாடே பிற்கால வரலாற்றைத் திறக்கும் திறவுகோல்.

உடன்படிக்கையாக மாறிய அசெம்பிளி

1987இல் முதன்முதலாக வெளியான ஜிசிசி நிரல்பெயர்ப்பி, உள்பொதி அசெம்பிளியின் இயல்பையே மாற்றியது. போர்லண்டு, மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றின் நிரல்பெயர்ப்பிகள் தம்முள் பொதியப்பட்ட ஆணைகளைப் படித்துப் புரிந்துகொள்பவை. ஜிசிசி அவற்றைப் படிப்பதில்லை. அதற்கு அவ்வாணைகள் வெறும் எழுத்துச் சரம். அச்சரத்தோடு எழுதுபவர் ஒரு பட்டியலைத் தர வேண்டும்: எம்மதிப்பு எப்பதிவகத்தில் உள்ளே செல்கிறது, எது வெளியே வருகிறது, இடையில் எவை கெடுகின்றன. போர்ட்டில் ஒரு பைட்டை எழுதும் ஆணை இதற்கு எளிய சான்று. மதிப்பு 'ஏ' பதிவகத்தில், போர்ட் எண் 'டி' பதிவகத்தில், வெளியே வருவது ஏதுமில்லை என்ற மூன்று செய்திகள் போதும். எஞ்சிய பதிவகங்களை நிரல்பெயர்ப்பி தன் விருப்பப்படி ஆளலாம்.

இது ஓர் உடன்படிக்கை. உடன்படிக்கையில் பொய் இருந்தால் அதனைக் கண்டறிய எவரும் இல்லை. ஒரு பதிவகம் மாறுகிறது என்பதைக் குறிக்கத் தவறினால், நிரல்பெயர்ப்பி அதில் தன் மதிப்பொன்றை வைத்திருந்து பின்னர் எடுக்கும், அது கெட்டுப்போயிருக்கும். இன்று சரியாக இயங்கும் இயக்கி, நிரல்பெயர்ப்பியின் அடுத்த பதிப்பில் திரையில் கோடுகளைத் தீட்டும். பிழை எழுதப்பட்ட நாளுக்கும் வெளிப்பட்ட நாளுக்கும் இடையே ஆண்டுகள் கழியலாம்.

இம்முறையின் பயன் எக்ஸ்ஃப்ரீ86 திட்டத்தில் தெளிவாகத் தெரிகிறது. 1992இல் தோன்றிய இத்திட்டம் பிசி மீதான யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கு வரைகலைச் சூழலை அளித்தது. பெயரிலேயே எக்ஸ்86 செயலகத்தை நினைவூட்டினாலும் அது விரைவில் ஆல்ஃபா, பவர்பிசி ஆகிய செயலகங்களுக்கும் சென்றது. இயக்கிகள் அனைத்தும் 'அவுட்பி' என்ற ஒரே பெயரில் போர்ட்டை அழைத்தன. அப்பெயருக்குப் பின்னே என்ன நிகழும் என்பதை ஒரு தலைப்புக் கோப்பு முடிவுசெய்தது. எக்ஸ்86இல் அது ஒற்றை 'அவுட்' ஆணை. பவர்பிசியில் போர்ட் என்பதே இல்லை. ஆகவே அங்கு அது குறித்த நினைவக முகவரியில் ஓர் எழுத்தும், அதனைத் தொடர்ந்து 'ஈஐஈஐஓ' என்னும் ஆணையும் ஆகும். உள்ளீட்டு வெளியீட்டுச் செயல்களை வரிசை மாறாது நிகழ்த்துக என்பது அதன் பொருள். ஆங்கிலக் குழந்தைப் பாடலொன்றின் ஓசையை நினைவூட்டும் இப்பெயர் பொறியாளர்களின் குறும்பாகவே இருக்கக்கூடும். ஆனால் அது சொல்லும் செய்தி புதியது. எக்ஸ்86 நிரலாளர் அதுவரை கேட்க வேண்டியிராத ஒரு வினாவை அது எழுப்பியது: எழுதிய வரிசையிலேயே எழுத்துகள் அட்டையைச் சென்றடையுமா?

ஆல்ஃபாவின் நிலை இன்னும் கடினம். அதன் தொடக்கச் செயலகங்களில் ஒற்றைப் பைட்டை எழுதும் ஆணையே இல்லை. பைட் அளவிலான பதிவகங்களைக் கொண்ட திரை அட்டைக்கு, முகவரியை இடப்புறம் நகர்த்தி அதனுள்ளேயே எழுத்தின் அளவையும் குறிக்கும் சுற்றுவழியைக் கையாள வேண்டியிருந்தது. நினைவக வரிசையைப் பொறுத்தவரை அது மிகத் தளர்வான செயலகம். ஆல்ஃபாவிற்காக இயக்கிகளில் இடப்பட்ட தடுப்பு அழைப்புகள் எக்ஸ்86இல் பெரும்பாலும் பயனற்றவையாகத் தோன்றின. அவை பயனற்றவை அல்ல என்பதைப் பின்வந்த வன்பொருள் காட்டியது.

ஓர் ஆணையின் அதிகாரம்

எக்ஸ்ஃப்ரீ86இன் இயக்கிகள் கெர்னலுக்குள் இல்லை. எக்ஸ் சர்வர் என்னும் பயனர்நிலை நிரலுக்குள் இருந்தன. பயனர்நிலையில் 'அவுட்' ஆணையைச் செயலகம் மறுக்கும். எனவே எக்ஸ் சர்வர் நிர்வாகியின் உரிமையோடு தொடங்கி, போர்ட்களைத் திறந்துவிடுமாறு கெர்னலை வேண்டிக்கொள்ளும். திறந்த பின் அது திரை அட்டையின் போர்ட்களை மட்டுமே தொடும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

இதன் விளைவை 2006இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர் லோயிக் டுஃப்லோ செய்துகாட்டினார். இன்டெல் செயலகங்களில் கெர்னலுக்கும் மேலான அதிகாரத்தோடு இயங்கும் கணினி மேலாண்மை நிலை ஒன்று உண்டு. அந்நிலையின் நிரல் தங்கும் நினைவகம், பழைய திரை நினைவகத்திற்கு ஒதுக்கப்பட்ட 128 கிலோபைட் முகவரிகளின் அடியில் மறைந்திருக்கும். வழக்கமாக அம்முகவரிகளை அணுகினால் திரை அட்டையே விடை தரும். சில்லுத் தொகுதியின் ஒரு பிட்டைப் போர்ட் வழியாக மாற்றினால், அதே முகவரியில் மறைந்திருக்கும் நினைவகம் வெளிப்படும். எக்ஸ் சர்வருக்குத் தரப்பட்ட அதே உரிமைகளைக் கொண்டு அதனைத் திறந்து, தன் நிரலை அங்கு வைத்து, ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் பாதுகாப்பு நிலையை டுஃப்லோ தாண்டினார். பாதுகாப்பில் உறுதியானது எனப் பெயர்பெற்ற இயங்குதளம் அது. ஒரு திரை அட்டைக்காகத் திறக்கப்பட்ட வாயில் முழுக் கணினிக்கும் வாயிலாயிற்று.

காட்சி அமைப்பைக் கெர்னலே ஏற்கும் முறை, 2009இல் லினக்ஸ் 2.6.29 பதிப்பில் இன்டெல் இயக்கியோடு சேர்ந்தது. பாதுகாப்பு அதன் ஒரே நோக்கமன்று. திரை மினுக்கம், உறங்கி எழும் கணினியில் காட்சியை மீட்டெடுத்தல் போன்ற நடைமுறைச் சிக்கல்களே அதனை முன்தள்ளின. ஆனால் அதன் பின்னரே போர்ட் ஆணைகளைப் பொதிந்த பயனர்நிலை இயக்கிகள் படிப்படியாக வழக்கொழிந்தன.

அட்டையின் நிரலை அழைத்தல்

லினக்ஸின் 'வெசாஎஃப்பி' இயக்கியில் உள்ள ஒரு பகுதி தனியே நோக்கத்தக்கது. திரை அட்டையின் மென்பொருள் அதன் நினைவகச் சில்லிலேயே எக்ஸ்86 பொறிமொழியாகப் பதிந்திருக்கும். 1994இன் விபிஈ 2.0 வரையறை, அம்மென்பொருளின் சில பணிகளை 32-பிட் இயங்குதளங்கள் நேரடியாக அழைக்கும் வழியைத் தந்தது. திரையின் தொடக்க இடத்தை நகர்த்துதல், வண்ணத் தட்டை மாற்றுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். அவ்வழைப்பைச் சியில் எழுத இயலாது. மதிப்புகள் குறித்த பதிவகங்களில் இருக்க வேண்டும் என்று வரையறை சொல்கிறது. சி மொழியின் அழைப்பு மரபு அதற்கு ஒத்துவராது. ஆகவே இயக்கியில் ஒரே ஓர் 'கால்' ஆணை பொதியப்பட்டது. அதன் உடன்படிக்கைப் பட்டியலில் ஐந்து உள்ளீடுகள் குறிக்கப்பட்டன. வெளியீடு இல்லை என்று எழுதப்பட்டது. கெடும் பதிவகம் எதுவும் குறிக்கப்படவில்லை.

யாரோ ஓர் உற்பத்தியாளர் எழுதி, மூல நிரல் காட்டாது சில்லில் பதித்துவிட்ட ஒன்று, பதிவகங்களை முறையாகத் திருப்பித் தரும் என்ற நம்பிக்கை அவ்வெற்றிடத்தில் அடங்கியுள்ளது. உள்பொதி அசெம்பிளியின் இடர் பெரும்பாலும் எழுதப்பட்ட ஆணையில் இல்லை, எழுதாது விடப்பட்ட பட்டியலில் உள்ளது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று அரிது. 64-பிட் நிலையில் இவ்வழைப்பிற்கு இடமில்லை. எக்ஸ்86 அல்லாத கணினிகளிலோ அட்டையின் நிரலே புரியாது. அங்கெல்லாம் எக்ஸ் சர்வர் 'எக்ஸ்86எமு' என்னும் போலிச் செயலகத்தில் அதனை வரி வரியாக இயக்கிப் பார்த்தது.

ஆணையில்லா அசெம்பிளி

1995இல் பென்டியம் புரோ செயலகம் எழுத்துச் சேர்ப்பு என்னும் வசதியைக் கொணர்ந்தது. திரை நினைவகத்திற்குச் செல்லும் சிறு எழுத்துகளைச் செயலகம் தன்னுள் சேர்த்து வைத்து, ஒரே மூச்சில் அனுப்பும். வேகம் பன்மடங்காயிற்று; ஆனால் அனுப்பும் வரிசைக்கு உறுதி போயிற்று. ஆல்ஃபா நிரலாளரின் வினா எக்ஸ்86 நிரலாளரையும் வந்தடைந்தது.

அதே காலத்தில் திரை அட்டையின் இயல்பும் மாறியது. இயக்கி படப்புள்ளிகளைத் தீட்டுவதை விட்டுவிட்டு, நினைவகத்தில் வளைய வடிவிலான வரிசையொன்றில் கட்டளைகளை எழுதி வைக்கத் தொடங்கியது. எழுதி முடித்ததும் வரிசையின் முடிவிடத்தை அட்டையின் பதிவகமொன்றில் குறிக்கும். அட்டை அதுவரையுள்ள கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும். கட்டளைகள் நினைவகத்தைச் சேரும் முன்னரே முடிவிடக் குறிப்பு அட்டையை அடைந்தால், அட்டை குப்பையைப் படிக்கும். திரை உறையும், சில வேளைகளில் கணினியே உறையும். தீட்டும் சுமை அட்டைக்குச் சென்றபின் இயக்கியின் முதற்கடமை வரிசை காத்தலாயிற்று.

வரிசையைக் குலைப்போர் இருவர்: செயலகம் ஒன்று, நிரல்பெயர்ப்பி மற்றொன்று. நிரல்பெயர்ப்பியைக் கட்டுப்படுத்த லினக்ஸ் கெர்னல் கையாளும் உள்பொதி அசெம்பிளி வியப்பூட்டுவது. அதில் ஆணை எதுவும் இல்லை. வெற்றுச் சரம், கெடுபவற்றின் பட்டியலில் 'நினைவகம்' என்ற ஒரு சொல் மட்டும். நினைவகம் முழுவதும் மாறியிருக்கக்கூடும் எனக் கொண்டு, நிரல்பெயர்ப்பி தன் கையிலுள்ளவற்றை எழுதி முடித்துவிட்டே அப்பால் செல்லும். செயலகத்திற்கு ஒரு சொல்லும் சொல்லாத இவ்வசெம்பிளி நிரல்பெயர்ப்பியோடு மட்டுமே பேசுகிறது.

செயலகத்திற்கு வேறு சொல் வேண்டும். 1999இன் பென்டியம் III 'எஸ்ஃபென்ஸ்' ஆணையைத் தந்தது. அதற்கு முந்தைய செயலகங்களிலும் இயங்க வேண்டிய 32-பிட் கெர்னல், அடுக்கின் உச்சியோடு சுழியத்தைக் கூட்டும் பூட்டிய ஆணையொன்றைத் தடுப்பாகக் கொண்டது. கூட்டலால் மதிப்பு மாறாது. ஆனால் பூட்டு காரணமாக முந்தைய எழுத்துகள் அனைத்தும் முடிந்தாக வேண்டும். கணினி தொடங்கும்போது செயலகத்தைச் சோதித்து, புதியதாயின் அப்பழைய ஆணையின் மீதே 'எஸ்ஃபென்ஸ்' ஆணையைக் கெர்னல் எழுதிவிடும். பயனற்ற கூட்டல் ஒன்று வரிசையைக் காக்கும் சொல்லாக வழங்கியதைச் சியின் இலக்கணம் எவ்வகையிலும் விளக்காது. 2011இன் சி செந்தரம் நினைவக வரிசைக்கெனச் சொற்களை ஏற்றது. அவை நிரலின் இழைகளுக்கு இடையிலான வரிசையைப் பேசுகின்றன. பேருந்தின் மறுமுனையில் உள்ள அட்டையைப் பற்றி அவற்றில் பேச்சில்லை.

எஞ்சியவை

மைக்ரோசாஃப்டின் சி நிரல்பெயர்ப்பி 64-பிட் எக்ஸ்86 செயலகங்களுக்கு உள்பொதி அசெம்பிளியை அறவே விலக்கியது. ஆணைகளைச் செயல்கூற்று வடிவில் தரும் உள்ளமை அழைப்புகள் அதன் இடத்தைப் பெற்றன. நிரல்பெயர்ப்பி அவற்றின் பொருளை அறியுமாதலால் பொய் உடன்படிக்கைக்கு இடமில்லை. இது சிறந்த தீர்வு எனக் கருத இடமுண்டு. ஆனால் லினக்ஸ் கெர்னல் அதனை முழுமையாகப் பின்பற்ற இயலாமைக்கும் தக்க காரணம் இருந்தது. கெர்னலின் எக்ஸ்86 நிரல், அகன்ற பதிவகங்களை நிரல்பெயர்ப்பி தொடாதவாறு கட்டுப்படுத்தப்பட்டே பெயர்க்கப்படுகிறது; ஏனெனில் அப்பதிவகங்கள் பயனர் நிரலுக்குரியவை. இன்டெல் இயக்கி, எழுத்துச் சேர்ப்பு நினைவகத்திலிருந்து விரைந்து படிக்க 'மூவ்என்டிடிக்யூஏ' ஆணையைக் கொண்டு 64 பைட்களாகப் படிக்கும் செயல்கூறு 2016இல் எழுதப்பட்டபோது, பயனரின் பதிவகங்களைச் சேமித்துவிட்டு ஆணைகளை உள்பொதிந்தே எழுத வேண்டியிருந்தது. வேகம் காரணமாக இன்றும் எஞ்சியிருக்கும் அரிய சான்று இது.

மற்றொரு சான்று வேகத்தோடு தொடர்பற்றது. மெய்நிகர் கணினிகளுக்கான விஎம்வேர் இயக்கி, தன்னைத் தாங்கும் மேலாண்மை நிரலோடு பேசுவதற்கு வி, எம், எக்ஸ், எச் என்னும் நான்கு எழுத்துகளின் எண் வடிவைப் பதிவகத்தில் வைத்து ஒரு போர்ட் ஆணையை இயக்கும். மெய்க் கணினியில் அப்போர்ட்டுக்குப் பொருளில்லை. பெருமளவு தரவை அனுப்பும் வடிவில், செயல்கூற்றின் அடுக்குச் சட்டத்தைச் சுட்டும் பதிவகமே ஒரு மதிப்பை ஏந்த வேண்டும். அதனைக் கெடுவதாகப் பட்டியலில் குறிக்க ஜிசிசி இசையாது. எனவே ஆணைகளே அதனை அடுக்கில் வைத்து, பயன்படுத்தி, மீட்டன. அடுக்கில் வைத்த கணமே அடுக்கின் முகவரி நகர்ந்துவிடும்; அடுக்கிலிருந்து மதிப்பை எடுக்கும் எந்த உள்ளீடும் பிழைபடும். ஆதலால் 64-பிட் வடிவில் அம்மதிப்பு வேறொரு பதிவகத்தில் தரப்பட்டது. 32-பிட் வடிவில் அதற்குப் பதிவகமே மிஞ்சவில்லை. எனவே முதலில் அம்மதிப்பையே அடுக்கில் வைத்துவிட்டு அதன் பின்னரே மற்றவை தொடங்கின. பனியைத் தவிர்க்கத் துடிப்புகளை எண்ணியவர்களுக்கு இக்கணக்கு அந்நியமாக இராது.

2008இல் லினக்ஸ் 2.6.28 பதிப்பில், திரை அட்டைக்கான நினைவகத்தைக் கெர்னல் மேலாளும் ஜெம் அமைப்பு சேர்ந்தது. அதனோடு வந்த ஒரு சிறு கோப்பு, செயலகத்தின் கேஷ் நினைவகத்தில் தங்கிய தரவை அட்டை காணுமாறு வெளியேற்றுகிறது. ஒரு பக்கத்தின் 4096 பைட்களில் ஒவ்வொரு கேஷ் வரியாக 'சிஎல்ஃபிளஷ்' ஆணை இயங்கும். ஆணைத் தொடருக்கு முன்னும் ஒரு தடுப்பு, பின்னும் ஒரு தடுப்பு. அவ்வாணை இல்லாத பழைய செயலகமாயின் எல்லாச் செயலகங்களின் கேஷும் ஒருசேர வெறுமையாக்கப்படும். பவர்பிசிக்கு அதன் ஆணைகளைக் கொண்ட தனிக் கிளை உண்டு. இவற்றுள் எதுவும் பொருந்தாத செயலகத்தில் அச்செயல்கூறு அழைக்கப்பட்டால், இக்கட்டமைப்பிற்கு ஆதரவு இல்லை என்றொரு பிழைச்செய்தியைக் கெர்னல் பதிவேட்டில் எழுதிவிட்டுத் திரும்புகிறது.